காவலனை நியமிக்கும் முன் சற்றே சிந்தியுங்கள்!

நம் இல்லத்தின் வாயிலுக்கு ஒரு காவற்காரரை நியமிக்க வேண்டியிருந்தால் நாம் என்ன செய்வோம்? அவர் எந்த ஊர்க்காரர், இதற்கு முன் எங்கே வேலை பார்த்தார், கைசுத்தம் உள்ளவர்தானா என்றெல்லாம் நாலு பேரிடம் விசாரிப்போம். சம்பளம் எவ்வளவு என்பதையும் முன்கூட்டியே பேசி முடிப்போம். அறிமுகமே இல்லாத ஒருவர் நள்ளிரவில் கதவைத் தட்டி, "உங்கள் வீட்டினுள் திருடன் புகுந்துவிட்டான், சாவிக்கொத்தை என்னிடம் கொடுங்கள்" என்று கூவினால், நம்மில் எவரும் அதைத் தூக்கிக் கொடுத்துவிட மாட்டோம்.

ஆனால் வீட்டுக் கணிப்பொறி என்று வரும்போது மட்டும் இந்த விவேகம் எங்கோ மறைந்துவிடுகிறது. திரையில் செந்நிறக் கட்டம் ஒன்று தோன்றி, "உங்கள் கணிப்பொறியில் ஐந்து வைரஸ்கள் உள்ளன, உடனே பணம் செலுத்துங்கள்" என்று மிரட்டினால் போதும், பிள்ளைகள் பதறுகிறார்கள், பெற்றோர் வங்கி அட்டையை எடுக்கிறார்கள். அல்லது கணிப்பொறி வாங்கிய கடைக்காரர் எந்தப் பெட்டியை எடுத்து நீட்டுகிறாரோ, அதுவே நம் வீட்டின் காவலனாகிவிடுகிறது.

அன்பு வாசகர்களே! அந்தக் கணிப்பொறிக்குள் என்னென்ன இருக்கின்றன என்பதை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். வளைகுடாவில் பாடுபடும் வாப்பா அனுப்பும் பணத்தின் கணக்கு இருக்கிறது. மகளின் கல்லூரி ஆய்வேடு இருக்கிறது. மறைந்துபோன பெரியவர்களின் நிழற்படங்கள் இருக்கின்றன. ஆதார் நகலும் கடவுச்சீட்டின் நகலும் இருக்கின்றன. இத்தனைக்கும் காவல் வைக்கும்போது, அச்சத்தால் முடிவெடுக்கலாமா? ஆராய்ந்தல்லவா முடிவெடுக்க வேண்டும்!

பகைவன் யார்?

கணிப்பொறி வைரஸ் என்பது காற்றில் பரவும் கிருமியன்று. மனிதன் எழுதிய நிரல். 1986ஆம் ஆண்டு லாகூரில் கணிப்பொறிக் கடை நடத்திவந்த பாசித், அம்ஜத் ஃபாரூக் அல்வி என்னும் சகோதரர்கள், தாங்கள் எழுதிய மருத்துவ மென்பொருளைப் பிறர் களவாக நகலெடுப்பதைத் தடுக்கக் கருதி ஒரு நிரலை உருவாக்கினர். 'பிரெயின்' என்று பெயர்பெற்ற அந்நிரல் நெகிழ்தட்டுகள் வழியே கடல் கடந்து பரவியது. விந்தை என்னவென்றால், அதனுள் அவர்கள் தங்கள் பெயரையும் முகவரியையும் தொலைபேசி எண்ணையும்கூட எழுதி வைத்திருந்தனர்!

அந்த வெகுளித்தனமான காலம் மலையேறிவிட்டது. 2017ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் தாக்கத் தொடங்கிய 'வானாக்ரை' என்னும் நிரல், சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்பொறிகளின் கோப்புகளைப் பூட்டி வைத்துக்கொண்டு, திறப்பதற்கு 300 டாலர் பணயத்தொகை கேட்டது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைகள் தடைப்பட்டன. இதில் நமக்கொரு பாடம் உண்டு. அந்த நிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14ஆம் நாளே வெளியிட்டிருந்தது. அதை நிறுவியிருந்தவர்களின் கணிப்பொறிகளில் அந்த ஓட்டை வழியே அது நுழைய முடியவில்லை. காசு செலவில்லாத அந்தத் திருத்தத்தை நிறுவாமல் விட்டவர்களே பெரும்பாலும் அகப்பட்டனர்.

ஆகவே, எந்த மென்பொருளையும் விலைக்கு வாங்கும் முன், விண்டோஸ் தரும் புதுப்பிப்புகளை ஒத்திப்போடாமல் ஏற்றுக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10 பதிப்புக்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் முடிந்துவிட்டது என்பதையும் நினைவிற்கொள்ளுங்கள். சுவரில் பொத்தல் இருக்க, வாயிலில் மட்டும் ஆள் நிறுத்திப் பயன் என்ன?

வீட்டிலேயே இருக்கும் காவலன்

பலரும் அறியாத செய்தி ஒன்றுண்டு. 2012இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதற்கொண்டு, 'டிஃபெண்டர்' என்னும் வைரஸ் தடுப்பு மென்பொருள் கணிப்பொறியுடனேயே சேர்ந்து வருகிறது. இதற்குத் தனிக் கட்டணம் இல்லை, சந்தாவும் இல்லை. தொடக்கத்தில் இதன் திறமை குறித்துக் குறை கூறப்பட்டது உண்மையே. பிற்காலத்தில் இது வெகுவாக மேம்பட்டு, சோதனைக் கூடங்களில் விலைகொடுத்து வாங்கும் மென்பொருள்களுக்கு இணையான மதிப்பெண்களைப் பலமுறை பெற்றுள்ளது. பணயத்தொகை கேட்கும் நிரல்கள் நம் கோப்புறைகளைத் தொடாதபடி தடுக்கும் வசதியும் இதில் உண்டு. ஆயினும் அதை நாமே அமைப்புகளுக்குள் சென்று இயக்கிவைக்க வேண்டும்.

அப்படியானால் பணம் கொடுத்து வாங்குவது வீண்தானா? அவ்வாறு சொல்வதற்கில்லை. ஒரே வீட்டில் இரண்டு கணிப்பொறியும் நான்கு கைப்பேசியும் இருந்து, அனைத்துக்கும் ஒரே இடத்திலிருந்து பாதுகாப்பு வேண்டுவோருக்கு அது உதவும். பிள்ளைகள் எந்தெந்தத் தளங்களுக்குச் செல்லலாம் என்று கூடுதலாக வரையறுக்க விரும்பும் பெற்றோருக்கும், வங்கிப் பக்கத்தைப் போலவே வேடமிட்டு வரும் போலித் தளங்களைத் தடுக்கக் கூடுதல் அரண் வேண்டுவோருக்கும் அது பயன்படும். ஒரு சிக்கல் நேர்ந்தால் தொலைபேசியில் அழைத்துக் கேட்க ஓர் ஆள் வேண்டும் என்று எண்ணும் முதியவர்களுக்கும் அது துணையாகும். இவற்றுள் எது உங்களுக்குத் தேவை என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். ஒன்றும் தேறவில்லையென்றால், இருப்பதே போதும். தேறியதென்றால், அந்தத் தேவைக்கு மட்டும் விலை கொடுங்கள்.

காவலனே கண்ணி வைத்தால்?

இக்கட்டுரையின் உயிர்நாடி இப்பகுதிதான். வைரஸ் தடுப்பு மென்பொருள் ஏனைய மென்பொருள்களைப் போன்றதன்று. ஒவ்வொரு கோப்பையும் திறந்து பார்க்கவும், நாம் செல்லும் தளங்களைக் கவனிக்கவும், எதையும் நீக்கவும் அதற்கு நாமே அதிகாரம் அளிக்கிறோம். வீட்டின் அத்தனை அறைச் சாவிகளும் அதன் இடுப்பில் தொங்குகின்றன. எனவே அதன் திறமையை மட்டுமன்றி, அதன் நாணயத்தையும் நாம் எடைபோட வேண்டும்.

அவாஸ்ட் என்னும் புகழ்பெற்ற நிறுவனம், பிறர் நம்மைப் பின்தொடர்வதைத் தடுப்பதாகச் சொல்லியே தன் மென்பொருளை வழங்கியது. அதே நிறுவனம் தன் பயனாளர்கள் சென்று பார்த்த தளங்களின் விவரங்களைத் திரட்டி, 'ஜம்ப்ஷாட்' என்ற துணை நிறுவனத்தின் வழியே விற்று வந்தது 2020 ஜனவரியில் ஊரறிய வெளிப்பட்டது. ஜம்ப்ஷாட் மூடப்பட்டது. 2024 பிப்ரவரியில் அமெரிக்க வணிக ஆணையம், அவாஸ்ட் 1 கோடியே 65 லட்சம் டாலர் செலுத்த வேண்டுமென அறிவித்தது. அத்தகைய விவரங்களை விளம்பரத்துக்காக விற்பதற்கும் தடை விதித்தது. விலையின்றி வரும் காவலனுக்குச் சம்பளம் வேறு எங்கிருந்தோ வருகிறது என்பதை இது உணர்த்தவில்லையா?

நாணயம் இருந்தும் தவறு நேரலாம். 2010 ஏப்ரல் 21இல் மெக்காஃபி நிறுவனம் அனுப்பிய ஒரு புதுப்பிப்பு, விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாக் கோப்பொன்றையே வைரஸ் என்று பிழைபட எண்ணி முடக்கியது. கணிப்பொறிகள் மீண்டும் மீண்டும் அணைந்து எழுந்துகொண்டிருந்தன. அரசியல் காரணங்களாலும் காவல் திடீரென விலகலாம். ரஷ்யாவைச் சேர்ந்த காஸ்பர்ஸ்கி மென்பொருளை விற்க, பாதுகாப்புக் காரணம் காட்டி 2024 ஜூன் மாதம் அமெரிக்க அரசு தடை அறிவித்தது. குற்றச்சாட்டை நிறுவனம் மறுத்தது. அவ்வாண்டு செப்டம்பரில் அந்நாட்டுப் பயனாளர்கள் பலர், தங்கள் கணிப்பொறியில் காஸ்பர்ஸ்கி மறைந்து, 'அல்ட்ரா ஏவி' என்ற வேறொன்று தானாக வந்து அமர்ந்திருக்கக் கண்டனர்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று மூன்றாண்டுச் சந்தாவை ஒருசேரக் கட்டுவது அறிவுடைமையாகாது என்பதே இவற்றால் நாம் பெறும் படிப்பினை. ஓராண்டுக்கு வாங்குங்கள், நடத்தையைப் பாருங்கள், பிறகு நீட்டியுங்கள்.

யாரிடம் விசாரிப்பது?

விளம்பரத்தைக் கேட்காதீர்கள்; சோதித்தவர்களைக் கேளுங்கள். ஜெர்மனியின் மாக்டபர்க் நகரிலுள்ள ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகரிலுள்ள ஏவி-கம்பேரட்டிவ்ஸ் ஆகிய ஆய்வுக் கூடங்கள் இம்மென்பொருள்களைத் தொடர்ந்து சோதித்து முடிவுகளை வெளியிடுகின்றன. எவரும் விலையின்றிப் படிக்கலாம். ஏவி-டெஸ்ட் மூன்று தலைப்புகளில் தலா 6 மதிப்பெண் வீதம் 18க்கு மதிப்பிடுகிறது. வைரஸைப் பிடிக்கிறதா, கணிப்பொறியின் வேகத்தைக் குறைக்கிறதா, நல்ல கோப்புகளை வீணாகக் குற்றம் சாட்டுகிறதா என்பன அம்மூன்று. பழைய கணிப்பொறி வைத்திருப்போர் இரண்டாவதைக் கூர்ந்து நோக்க வேண்டும். ஒரு தடவை பெற்ற முதலிடத்தைவிட, பல சோதனைகளிலும் குன்றாத தரமே நம்பத்தக்கது.

நம் நாட்டிலும் இத்துறையில் பழம்பெரும் நிறுவனங்கள் உண்டு. கே7 நிறுவனம் 1991இல் நம் சென்னையில் தோன்றியது. கணிப்பான்களைப் பழுதுபார்த்து வந்த கைலாஷ் கட்கரும் அவர் தம்பி சஞ்சயும் புனேயில் வளர்த்தெடுத்ததே குவிக் ஹீல். உள்ளூர்ப் பொருள் என்பதற்காக வாங்கவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். அயல்நாட்டு மென்பொருளுக்கு வைக்கும் அதே உரைகல்லை இவற்றுக்கும் வையுங்கள். தமிழில் உதவி கிடைக்குமா என்பதை, பணம் கட்டும் முன்பே தொலைபேசியில் அழைத்துக் கேட்டுவிடுங்கள். முப்பது நாள் சோதனைப் பதிப்பு கிடைக்குமாயின், அதை நிறுவிப் பார்த்துப் பின்னர் முடிவு செய்யுங்கள். ஆனால் இரண்டு தடுப்பு மென்பொருள்களை ஒரே கணிப்பொறியில் இயக்காதீர்கள். ஒரு வாயிலில் ஒருவரையொருவர் ஐயுறும் இரு காவலரை நிறுத்தினால், அவர்கள் தம்முள் மல்லுக்கட்டுவார்களேயன்றித் திருடனைப் பிடிக்க மாட்டார்கள்.

இரண்டாம் ஆண்டின் விலை என்ன?

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பது முதலாண்டுச் சலுகை விலை. சிறிய எழுத்தில் இருப்பதோ புதுப்பிக்கும் விலை; அது முன்னதைப் போல் இரு மடங்காகவும் இருக்கலாம். இணையத்தில் வாங்கும்போது 'தானியங்கிப் புதுப்பித்தல்' என்பதற்கும் நாம் அறியாமலே ஒப்புதல் அளித்துவிடுகிறோம். இதில் போதிய விளக்கம் தராமல் வாடிக்கையாளரிடம் பணம் பிடித்தது தொடர்பாக, 2009இல் நியூயார்க் மாநிலத்துடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி சைமன்டெக், மெக்காஃபி ஆகிய இரு நிறுவனங்களும் தலா 3 லட்சத்து 75 ஆயிரம் டாலர் செலுத்தின.

நம் நாட்டில் 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கியின் விதி, அட்டையிலிருந்து இவ்வாறு தானாகப் பணம் எடுக்கப்படுவதற்கு 24 மணி நேரம் முன்பே நமக்குத் தகவல் வர வேண்டும் என்கிறது. அக்குறுஞ்செய்தியைப் படியாமல் அழித்துவிடாதீர்கள். வேண்டாமெனில் அப்போதே நிறுத்திவிடலாம். சந்தா முடிந்துவிட்டதா? காலங்கடந்த மென்பொருளை முற்றிலும் நீக்கிவிடுங்கள். டிஃபெண்டர் தானே பொறுப்பேற்றுக்கொள்ளும். அதைவிடுத்து, உறங்கும் காவலனை வாயிலில் அமர்த்திவிட்டு நிம்மதியாக இருப்பது பேதைமை.

களவுப் பொருளைக் காவல் வைக்கலாமா?

"எதற்குக் காசு? என் கூட்டாளியிடம் கிராக் இருக்கிறது" என்று நம் இளைஞர்கள் சொல்வதுண்டு. உழைத்து எழுதியவனுக்குச் சேர வேண்டிய கூலியை மறுத்துப் பெறும் பொருள் அது. ஹலாலான சம்பாத்தியத்தில் கட்டிய வீட்டுக்குக் களவுப் பொருளைக் காவல் வைப்பது தகுமா? ஒழுக்கம் ஒருபுறமிருக்க, ஆபத்தும் இதில் மிகுதி. இத்தகைய திருட்டுப் பதிப்பை நிறுவும்போது, "முதலில் உங்கள் பாதுகாப்பை அணைத்துவிடுங்கள்" என்ற அறிவுரை வரும். "காவலனை அனுப்பிவிடுங்கள், நான் உள்ளே வருகிறேன்" என்பவனை நாம் என்னவென்று சொல்வோம்?

எந்தக் காவலனும் தடுக்க இயலாதவை

இறுதியாக ஒன்று. உலகிலேயே விலையுயர்ந்த மென்பொருளை வாங்கினாலும், நாமே வாய்திறந்து சொல்லிவிடும் ஓடிபி எண்ணை அதனால் காக்க முடியாது. "உங்கள் வைரஸ் தடுப்புச் சந்தா புதுப்பிக்கப்பட்டுப் பணம் எடுக்கப்பட்டுவிட்டது, திரும்பப் பெற இந்த எண்ணை அழையுங்கள்" என்று வரும் மின்னஞ்சலே இன்று பெரியதொரு மோசடி. அழைத்தால், கணிப்பொறியைத் தம் கட்டுப்பாட்டில் கொண்டுவரும் ஒரு செயலியை நிறுவச் சொல்வார்கள். அழைக்காதீர்கள். ஐயமிருந்தால், நிறுவனத்தின் தளத்தை நீங்களே தட்டச்சிட்டுச் சென்று பாருங்கள். பணம் பறிபோனால் வெட்கப்பட்டு மறைக்காமல் 1930 என்ற எண்ணுக்கு உடனே தெரிவியுங்கள். விரைந்து சொன்னால் பணத்தை முடக்கி மீட்கும் வாய்ப்பு அதிகம்.

நிழற்படங்களையும் ஆவணங்களையும் ஒரு வெளி வன்தட்டில் நகலெடுத்து, அதைக் கணிப்பொறியிலிருந்து கழற்றி அலமாரியில் வையுங்கள். பணயத்தொகை கேட்பவன் கணிப்பொறியையே பூட்டினாலும், நம் பெரியவர்களின் முகங்கள் நம்மிடம் பத்திரமாக இருக்கும்.

இந்த மாதம் ஒரு விடுமுறை நாளில், குடும்பத்தினர் அனைவரும் கணிப்பொறி முன் அமருங்கள். புதுப்பிப்புகள் நிறுவப்பட்டுள்ளனவா, தடுப்பு மென்பொருள் இயங்குகிறதா, சந்தா எப்போது முடிகிறது என்று பிள்ளைகளைக் கொண்டே பார்த்துச் சொல்லச் செய்யுங்கள். அதன்பின், விலைகொடுத்து ஒரு காவலன் வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள். நீங்கள் எந்த முடிவுக்கு வந்தாலும், அது அச்சம் எடுத்த முடிவாக இருக்காது.