இ.ஜி.ஆரை அடைத்துவிடலாமா?

டீசல் கார் ஒரு லட்சம் கிலோமீட்டரை நெருங்கும்போது ஒர்க்‌ஷாப்பில் இந்த யோசனை காதில் விழாமல் இருப்பது அபூர்வம்: "இ.ஜி.ஆரை அடைச்சிடலாம் சார், பிக்கப் பிச்சுக்கும்." பழைய வண்டியென்றால் குழாய் இணையும் இடத்தில் ஒரு மெல்லிய எஃகுத் தகட்டைச் செருகிவிடுவார்கள். கொஞ்சம் புதிய வண்டியென்றால் லேப்டாப்பை இணைத்து, இன்ஜினை ஆளும் இசியு மென்பொருளிலேயே அந்த வேலையை நிறுத்திவிடுவார்கள். செலவு அதிகமில்லை. வண்டி உடனே நின்றுவிடப் போவதுமில்லை. அதனால்தான் இந்த யோசனை இவ்வளவு எளிதாக விலைபோகிறது.

இன்ஜினிலிருந்து வெளியேறும் புகையில் ஒரு பகுதியைத் திருப்பி, உள்ளே போகும் காற்றோடு கலக்கும் ஏற்பாடுதான் இ.ஜி.ஆர். கழிவை ஏன் மறுபடி உள்ளே அனுப்ப வேண்டும் என்று கேட்கத் தோன்றும். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். சாதாரணமாக அது எதோடும் சேராமல் சும்மா இருக்கும். எரியும் அறையில் வெப்பம் சுமார் 1,500 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகளாக மாறத் தொடங்கும். திரும்பி வரும் புகையில் ஆக்சிஜன் குறைவு. கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் அதிகம். அவை வெப்பத்தை உள்வாங்கிக்கொள்வதால் எரிதலின் உச்சச் சூடு இறங்குகிறது, நைட்ரஜன் ஆக்சைடும் குறைகிறது. இந்தியாவில் டீசல் காருக்கு பி.எஸ்.4 மாசு விதி கிலோமீட்டருக்கு 0.25 கிராம் வரை அந்த வாயுவை அனுமதித்தது. 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.6 அதை 0.08 கிராமாக இறக்கியது.

மெக்கானிக்கின் புகாரில் உண்மை இருக்கிறது. திரும்பும் புகை கரியையும் சுமந்துகொண்டுதான் வருகிறது. இன்ஜினின் அடிப்பகுதியிலிருந்து ஆவியாக ஏறும் எண்ணெய்ப் பிசுக்கும் அதே இன்டேக் பாதையில் வந்து சேர்கிறது. இரண்டும் கலந்து மேனிஃபோல்டின் உட்சுவரில் தார் பூசியதுபோல் படிகிறது. ஏ.சி.யைப் போட்டு மணிக்கணக்கில் ஐடிலில் நிற்கும் வண்டி, வீட்டுக்கும் கடைவீதிக்கும் மட்டுமே ஓடும் வண்டி ஆகியவற்றில் இது வேகமாக நடக்கும். திரும்பும் புகையைத் திறந்து மூடும் இ.ஜி.ஆர். வால்வு பாதியில் சிக்கிக்கொண்டால் கரும்புகை, இழுவைக் குறைவு, எரியும் செக் இன்ஜின் விளக்கு எல்லாம் வரிசையாக வரும். புகையைக் குளிர்விக்கும் இ.ஜி.ஆர். கூலரும் சில நேரம் கசியும். 2018இல் தென்கொரியாவில் பி.எம்.டபிள்யூ டீசல் கார்கள் பல தீப்பிடித்ததற்குக் காரணம் அந்தக் கசிவுதான். நிறுவனம் கார்களைத் திரும்ப அழைத்து, கோளாறான கூலர்களை மாற்றிக்கொடுத்தது.

அடைத்தபின் பிக்கப் கூடியதாகத் தோன்றுவதும் முழுப் பிரமை இல்லை. குறைந்த வேகத்தில் உள்ளே சுத்தமான காற்று மட்டும் போகிறது, டர்போவுக்கும் கூடுதல் புகை கிடைக்கிறது, வண்டி சற்றுச் சுறுசுறுப்பாகிறது. சிக்கிக் கிடந்த வால்வை அடைத்திருந்தால் வித்தியாசம் இன்னும் பெரிதாகத் தெரியும். அதே வால்வைச் சுத்தம் செய்திருந்தாலும் தெரிந்திருக்கும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. பி.எஸ்.4 காலத்து இன்ஜின்கள் பெரும்பாலானவற்றில் ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தினால் இந்த வால்வு தானாகவே மூடிக்கொள்ளும். ஆகவே உச்ச சக்தி கூடும் என்ற பேச்சுக்கு அடிப்படை இல்லை.

பி.எஸ்.6 வண்டியில் சிக்கல் பெரிது. புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டி, பல வண்டிகளில் யூரியா தெளிக்கும் எஸ்.சி.ஆர்., நைட்ரஜன் ஆக்சைடை அளக்கும் சென்சார் எல்லாம் ஒரே கணக்கில் பின்னப்பட்டவை. இ.ஜி.ஆரை மட்டும் மூடினால் பி0401 என்ற கோளாறுக் குறியீடு விழும். சில வண்டிகள் சக்தியைக் குறைத்துக்கொண்டு ஊர்ந்து செல்லும். அதை மறைக்க மென்பொருளில் கை வைப்பார்கள். பிறகு அடுத்த சென்சார், அதற்கடுத்தது.

இன்ஜினைக் காப்பாற்றத்தான் அடைக்கிறோம் என்ற வாதத்தை ஒர்க்‌ஷாப்காரர்கள் மட்டும் சொல்லவில்லை, கார் நிறுவனங்களே ஐரோப்பிய ஒன்றியத்தின் உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோயின. 2015 செப்டம்பரில் ஃபோக்ஸ்வாகன் அமெரிக்காவில் பிடிபட்ட கதை ஊரறிந்தது: பரிசோதனைக்கூடத்தில் ஒழுங்காக நடந்துகொண்டு, சாலையில் வரம்பைப்போல் 40 மடங்கு வரை கக்கும் மென்பொருள். அதற்குப் பின் நடந்தது அவ்வளவாகப் பேசப்படவில்லை. பிடிபட்ட கார்களுக்கு ஐரோப்பாவில் நிறுவனம் போட்டுக்கொடுத்த திருத்த மென்பொருளிலும், வெளிவெப்பம் 15 முதல் 33 டிகிரிக்குள் இருந்தால்தான் இ.ஜி.ஆர். முழுமையாக வேலை செய்தது. 1,000 மீட்டர் உயரத்துக்கு மேல் ஏறினாலும் குறைந்துவிடும். ஐரோப்பாவின் பல பகுதிகளில் வருடத்தில் பெரும்பகுதி 15 டிகிரிக்குக் கீழேதான். லக்சம்பர்க்கில் உள்ள அந்த நீதிமன்றம் 2020 டிசம்பரிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது: கரி படிவதும் தேய்வதும் இன்ஜினின் இயல்பு, அதைக் காரணம் காட்டி மாசுக் கட்டுப்பாட்டை அணைக்க முடியாது, ஓட்டும்போதே ஆபத்தை உண்டாக்கும் திடீர்ச் சேதமாக இருந்தால்தான் விலக்கு. 2022 ஜூலையில் இந்த வெப்பக் கணக்குக்கும் அதே அளவுகோல்தான். சட்டத் துறையும் பொறியாளர் படையும் வைத்திருந்தவர்களாலேயே ஜெயிக்க முடியாத வாதம் இது.

இங்கே மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தயாரிப்பாளர் தந்த அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்தில் சேர்ந்த 182ஏ(4) பிரிவின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆனால் பிடிப்பது யார்? டீசல் வண்டிக்கான பி.யு.சி. மாசுச் சான்றுச் சோதனை புகையின் அடர்த்தியை மட்டுமே பார்க்கிறது, நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதே இல்லை. இ.ஜி.ஆரை அடைத்தால் கரும்புகை குறையும் என்பதால், அடைத்த வண்டி இந்தச் சோதனையில் முன்பைவிட நல்ல மதிப்பெண்கூட வாங்கலாம். குழாயில் புகையே தெரியவில்லை என்று உரிமையாளர் பெருமைப்பட்டுக்கொள்வார். வெளியேறும் நைட்ரஜன் டை ஆக்சைடு கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆஸ்துமாக்காரர்களுக்கு மூச்சிறைப்பை உண்டாக்குவதோடு, நல்ல வெயிலில் மற்ற ஆவிகளோடு சேர்ந்து தரைமட்ட ஓசோனாகவும் மாறுகிறது. இதை முதலில் சுவாசிப்பவர் பின்னால் பைக்கில் வருபவர்.

வால்வைக் கழற்றி, அதற்குரிய கிளீனரால் கழுவி, புதிய கேஸ்கெட்டோடு மாட்டுவது பெரிய வேலையில்லை. மேனிஃபோல்டையும் சேர்த்துச் சுத்தம் செய்தால் பலன் நீடிக்கும். அதற்கு முன் வேக்குவம் ஹோஸில் ஓட்டை, காற்றை அளக்கும் சென்சாரில் அழுக்கு, டர்போவில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பல நேரம் பழி மட்டும் வால்வின் மேல் விழுகிறது. கையேட்டில் சொன்ன தர ஆயில் ஊற்றுவதும் அவ்வப்போது நெடுஞ்சாலையில் நிதானமாக ஓட்டுவதும் கரியைத் தள்ளிப்போடும்.

பழைய டீசல் கார் வாங்குபவர்கள் ஸ்கேனரை மாட்டி, இ.ஜி.ஆர். வால்வைத் திறந்து மூடவைத்து, காற்று அளவு மாறுகிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். மாறவில்லை என்றால் வால்வு பழுதாகவும் இருக்கலாம், அடைக்கப்பட்டும் இருக்கலாம். உள்ளே தகடு இருந்தால் கழற்றிப்போட்டு கேஸ்கெட் மாற்றினால் போதும். மென்பொருளை மாற்றியிருந்தால் பழைய ஃபைல் வேண்டும். அடைத்துக் கொடுத்தவர் அதை எடுத்து வைத்திருக்கிறாரா என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது.