செயின் தேய்ந்தால் ஆபத்து

குடும்பப் பாரத்தைத் தனியே சுமந்து, மோட்டார் சைக்கிளில் வேலைக்கு ஓடும் சகோதரிகளே! உங்கள் வாகனத்தின் செயினைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

கிரவல் வீதிப் புழுதி எண்ணெயோடு கலந்து அரம்போலச் செயினைத் தேய்க்கும். தேய்ந்த செயின் நீண்டு தொய்யும். ஓட்டத்தில் கழன்று சிக்கினால் பின்சில்லு இறுகி ஆளை விழுத்தும். அறுந்தால் காலையும் காயப்படுத்தும்.

கிழமைக்கு ஒருமுறை எஞ்சினை நிறுத்திவிட்டு, செயினின் கீழ்ப்பக்க நடுவை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். பெரும்பாலான வாகனங்களுக்கு 2 முதல் 3 சென்ரிமீற்றர் வரையான அசைவு போதும். கூடினால் இறுக்குவியுங்கள். பின் பற்சில்லின் கடைசிப் பக்கத்தில் செயினை இழுக்கும்போது பாதிப் பல் வெளியே தெரிந்தால் இறுக்கிப் பயனில்லை. செயினையும் இரண்டு பற்சில்லுகளையும் சேர்த்தே மாற்றுங்கள். தேய்ந்த பல் புதுச் செயினையும் கெடுத்துவிடும்.

செலவென்று தள்ளிப்போடாதீர்கள். நீங்கள் விழுந்தால் வீட்டில் உழைக்க வேறு ஆளில்லை.