நிலைமாற்றப் பொருள்களில் வெப்பப் பரிமாற்றத்தை அளவிடல்

நிலைமாற்றப் பொருள் என்பது உருகும்போது வெப்பத்தை ஏற்று, மீண்டும் உறையும்போது அதை வெளிவிடும் பொருள் ஆகும். பாரபின் மெழுகு, நீரேறிய உப்புகள், கொழுப்பு அமிலங்கள் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. சங்கரன்கோவில் போன்ற வெயில் மிகுந்த ஊர்களில் பகலில் கிடைக்கும் சூரிய வெப்பத்தை இரவுக்குச் சேமிக்க இவை உதவும். சேமிப்புத் தொட்டியை வடிவமைக்க, பொருள் எவ்வளவு வெப்பத்தை ஏற்கிறது, அதை எவ்வளவு விரைவாகத் திருப்பித் தருகிறது என்னும் இரண்டையும் அளக்க வேண்டும்.

உள்ளுறை வெப்பம்

1 கிலோ நீரின் வெப்பநிலையை 10 பாகை செல்சியசு உயர்த்த ஏறத்தாழ 42 கிலோஜூல் தேவை. 1 கிலோ பாரபின் மெழுகோ, உருகும்போது மட்டும் ஏறத்தாழ 200 கிலோஜூலை ஏற்கிறது. அப்போது அதன் வெப்பநிலை பெரிதாக மாறுவதில்லை. இதுவே உள்ளுறை வெப்பம் எனப்படுகிறது.

அளவிடும் முறைகள்

டி.எஸ்.சி. எனப்படும் வருடல் கலோரிமானியில், சில மில்லிகிராம் பொருள் உள்ள சிறு கிண்ணமும் வெற்றுக் கிண்ணமும் ஒரே வீதத்தில் சூடாக்கப்படுகின்றன. இரண்டும் ஏற்கும் வெப்பத்தின் வேறுபாடு பதிவாகிறது. ஆனால் இவ்வளவு சிறிய மாதிரி, தொட்டியில் உள்ள பொருளைச் சரியாகக் காட்டாமல் போகலாம். குறிப்பாக நீரேறிய உப்புகள், உறைநிலைக்குக் கீழே சென்றும் உறையாமல் நிற்கும் மீக்குளிர்வு, சிறிய மாதிரிகளில் கூடுதலாக இருக்கும்.

சீன ஆய்வாளர் ஜாங் இன்பிங் குழுவினர் 1999இல் எளிய முறை ஒன்றை வெளியிட்டனர். ஒரே அளவுள்ள இரு மெல்லிய சோதனைக் குழாய்களில் ஒன்றில் பொருளும் மற்றதில் நீரும் எடுக்கப்படும். இரண்டையும் உருகுநிலைக்கு மேல் சூடாக்கி, ஒரே காற்றில் ஆறவிட்டு, நேரத்துடன் வெப்பநிலை குறிக்கப்படும். நீரின் தன்வெப்பம் தெரிந்ததால், குழாய் வெப்பத்தை இழக்கும் வீதத்தைக் கணக்கிடலாம். அவ்வீதத்தையும் பொருள் உறைய எடுத்த நேரத்தையும் கொண்டு உள்ளுறை வெப்பம் பெறப்படுகிறது.

தொட்டியில் வெப்ப ஓட்டம்

தொட்டியில் உள்ளே செல்லும் நீருக்கும் வெளிவரும் நீருக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடு, நீர் பாயும் வீதம், நீரின் தன்வெப்பம் ஆகியவற்றின் பெருக்கமே வெப்பப் பரிமாற்ற வீதம் ஆகும். பொருளினுள் பல ஆழங்களில் வைக்கப்படும் வெப்பமின் இரட்டைகள், உருகிய எல்லை எங்கே உள்ளது என்பதைக் காட்டும்.

உருகும்போது நீர்மத்தில் ஏற்படும் வெப்பச்சலனம் பரிமாற்றத்தை விரைவாக்குகிறது. உறையும்போது நிலைமை மாறுகிறது. குளிர்ந்த குழாய்ச் சுவரில் முதலில் படியும் திண்மப் படலமே அடுத்த வெப்பத்துக்குத் தடையாகிறது. பாரபினின் வெப்பக் கடத்துதிறன், மீட்டர் கெல்வினுக்கு ஏறத்தாழ 0.2 வாட் மட்டுமே. செம்பினுடையது ஏறத்தாழ 400. எனவே தொட்டியில் வெப்பம் மிஞ்சியிருந்தும், வெளிவரும் நீர் போதிய சூடின்றி இருக்கக்கூடும்.

தமிழ்நாட்டில் ஆய்வுகள்

அண்ணா பல்கலைக்கழகத்தின் ஆர். வேல்ராஜ், ஆர். வி. சீனிராஜ் ஆகியோர் ஜெர்மன் ஆய்வாளர்களுடன் இணைந்து இத்தடையை ஆராய்ந்தனர். முடிவுகள் 1997, 1999 ஆம் ஆண்டுகளில் ‘சோலார் எனர்ஜி’ ஆய்விதழில் வெளியாயின. குழாயின் உட்புறத்தில் உலோகத் துடுப்புகள் அமைத்தும், பாரபினுக்குள் மெல்லிய உலோக வளையங்களை இட்டும் அவர்கள் சோதனை செய்தனர். இவற்றால் உறையும் நேரம் குறைகிறது. ஆனால் உலோகம் இடத்தை அடைப்பதால், அதே தொட்டியில் சேமிக்கும் வெப்பமும் குறைகிறது. எவ்வளவு உலோகம் போதும் என்பதை அளவீடுகளைக் கொண்டே முடிவு செய்ய இயலும்.