பஞ்சு மிட்டாயும் ஒரு துண்டுத் தாளும்

2024 பிப்ரவரியில் புதுச்சேரியில் விற்ற பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி கலந்திருப்பதை உணவுப் பாதுகாப்புத் துறையினர் கண்டுபிடித்தார்கள். அப்போது துணைநிலை ஆளுநராக இருந்த தமிழிசை சௌந்தரராஜன் விற்பனைக்குத் தடை அறிவித்தார். பிப்ரவரி 17-ல் தமிழ்நாடும் தடை விதித்தது. ரோடமின்-பி துணிக்கும் தாளுக்கும் ஏற்றுகிற சாயம், தின்பதற்கானது அல்ல. ஆனால் அனுமதிக்கப்பட்ட ரோஸ் நிறமும் இதுவும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பிறகு எப்படிப் பிரித்தறிவது?

உணவு ஆய்வகங்களில் இதற்குப் பல முறைகள் உண்டு. அவற்றில் மிக எளியது நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கிற தாள் வண்ணப்பிரிகை. படிக்கிறார்களே தவிர, செய்து பார்ப்பவர்கள் குறைவு. அதுதான் என் ஆதங்கம்.

வேண்டியது வடிதாள் கீற்று ஒன்று, கண்ணாடி டம்ளர், கறுப்பு ஸ்கெட்ச் பேனா. கீற்றின் அடியிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் மேலே பென்சிலால் கோடு போடுங்கள். பேனாவால் போட்டால் கோட்டு மையும் சேர்ந்து ஓடிவிடும். கோட்டின் மேல் கடுகளவு ஒரு புள்ளி. காய்ந்ததும் அதன் மேலேயே இன்னொரு முறை. டம்ளரில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் விட்டு, புள்ளி நனையாதபடி கீற்றைத் தொங்கவிடுங்கள். தண்ணீர் தாளில் ஏறும். புள்ளியைத் தொட்டதும் கறுப்பு கலைந்து, மஞ்சள், ரோஸ், நீலம் என்று ஒவ்வொன்றும் ஒவ்வோர் உயரத்தில் நிற்கும். தாளோடு ஒட்டிக்கொள்ளும் சாயம் பின்தங்கும். தண்ணீரோடு சேரும் சாயம் முந்திப்போகும். பென்சில் கோட்டிலிருந்து தண்ணீர் ஏறிய உயரத்தில் சாயம் எவ்வளவு ஏறியது என்ற விகிதம்தான் ஆர்.எஃப். மதிப்பு. தாளும் கரைப்பானும் (இங்கே தண்ணீர்) மாறாதவரை ஒரு சாயத்துக்கு அது ஏறத்தாழ மாறாது.

இந்த முறையின் தொடக்கம் தாளில் அல்ல. ரஷ்யத் தாவரவியலாளர் மிகயில் ஸ்வெட் சுண்ணாம்புத் தூள் அடைத்த குழாயில் இலைச்சாற்றை ஊற்றிப் பச்சையையும் மஞ்சளையும் பிரித்தார். 1906-ல் அந்த முறைக்குப் பெயரும் வைத்தார். தாளில் செய்யும் வழி 1944-ல் பிரிட்டனில் உருவானது.

புதுச்சேரிப் பள்ளிகளுக்கு நான் சொல்ல விரும்பும் சோதனை ஒன்று உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் இந்த ஊரிலிருந்து 'கினே' என்ற நீலத்துணி கப்பலேறி செனகலுக்குப் போனது. அதற்கு நிறம் தந்தது அவுரி, அதாவது இண்டிகோ. அவுரி நீலத்தைத் தாளில் வைத்தால் தண்ணீர் எவ்வளவு ஏறினாலும் அது இருந்த இடத்திலேயே கிடக்கும், ஏனென்றால் தண்ணீரில் கரையாது. துணியில் அது நிலைப்பதற்கும் இதுவே காரணம். அதே அவுரி மூலக்கூறில் சல்போனேட் தொகுதிகளைச் சேர்த்தால் இண்டிகோ கார்மைன் ஆகிவிடும். நன்றாகக் கரையும், தாளில் ஓடும். இந்தியாவில் உணவுக்கு அனுமதிக்கப்பட்ட எட்டுச் செயற்கை நிறங்களில் அதுவும் ஒன்று. இரண்டு புள்ளிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பிள்ளைக்குக் கரைதிறன் பற்றித் தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

மளிகைக்கடைக் கேசரிப் பவுடரையும் வைத்துப் பாருங்கள். பல பிராண்டுகளில் டார்ட்ரசைன் மஞ்சளும் சன்செட் யெல்லோவும் கலந்திருக்கும். டப்பாவின் மேல் அச்சிட்டிருப்பதும் தாளில் பிரிவதும் ஒத்துப்போகிறதா என்று பிள்ளைகளே சரிபார்க்கட்டும். ஆனால் அந்தத் தாளை வைத்துத் தெருவோர வியாபாரியைக் குற்றம்சாட்டக் கூடாது. வெவ்வேறு சாயங்கள் ஒரே உயரத்தில் நிற்பதும் உண்டு. அதனால்தான் ஆய்வகத்தில், சந்தேகப்படும் சாயத்தையும் தெரிந்த சாயத்தையும் ஒரே தாளில் ஓடவிடுகிறார்கள். கரைப்பானை மாற்றியும் பார்க்கிறார்கள். ரோடமின்-பியை வகுப்பறையில் வைத்திருப்பது பாதுகாப்பல்ல. ஆகவே, பக்கத்தில் வைத்த அனுமதி நிறங்களோடு இது ஒத்துப்போகவில்லை என்பதுவரை பள்ளித் தாள் சொல்லும். இது ரோடமின்தான் என்று சொல்ல, மாதிரி உணவு ஆய்வகத்துக்குப் போயாக வேண்டும்.