சாச்சியின் காசும் ஓர் அட்டைத் துண்டும்

எங்கள் சாச்சிக்குக் கண்பார்வை இல்லை. கடையில் மிச்சக் காசு கைக்கு வந்ததும், "இது எத்தனை ரூபாய்த் தாள், மகள்?" என்று பக்கத்தில் நிற்பவரிடம் கேட்பார். சொல்பவர் நேர்மையானவராக இருந்தால் சரி. ஒருநாள் நூறென்று நினைத்து ஆயிரத்தைக் கொடுத்துவிட்டார். வீட்டில் நான் எண்ணிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. காசு போன கவலையை விட, இனித் தனியே கடைக்குப் போக வேண்டாமென்று வீட்டார் சொன்னதுதான் அவரை அழவைத்தது.

சகோதரியே, உங்கள் கைப்பையிலுள்ள தாள்களை எடுத்து, இடது ஓரங்களைச் சேர்த்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். 2011இல் மத்திய வங்கி வெளியிட்ட வரிசையில் எல்லாத் தாள்களுக்கும் அகலம் 67 மில்லிமீற்றர்தான். நீளம் மட்டும் பெறுமதி கூடக் கூட ஏறக்குறைய 5 மில்லிமீற்றராகக் கூடும். விழிப்புலனற்றோருக்கென விரலில் தட்டுப்படும் புள்ளிகளும் உண்டு. ஆனால் மீன் கடையும் மரக்கறிக் கடையும் சுற்றிவந்த தாளில் அந்தப் புள்ளி தேய்ந்திருக்கும். 5 மில்லிமீற்றர் வித்தியாசமோ, ஒப்பிட இன்னொரு தாள் இல்லாவிட்டால் எளிதில் பிடிபடாது.

அவுஸ்திரேலியத் தாள்களும் நீளத்தில் வேறுபட்டவைதான். அப்படியிருந்தும் 2012 நத்தாருக்குக் கிடைத்த காசு எவ்வளவென்று அங்கே ஒரு பார்வையற்ற சிறுவனுக்குத் தெரியவில்லை. அவன் சும்மா இருக்கவில்லை, மனு எழுதினான். 50,000க்கும் மேற்பட்டோர் அதில் ஒப்பமிட்டனர். 2016 செப்டம்பரில் வந்த புதிய 5 டொலர் தாளில் தடவியறியும் மேடு இருந்தது. பிறகு வந்த 10 டொலருக்கு இரண்டு, 20க்கு மூன்று என்று மேடுகள் கூடின. ஒரு பிள்ளையின் பிடிவாதம் எதையெல்லாம் செய்கிறது பாருங்கள்!

வங்கி அட்டையிலும் சங்கடம் உண்டு. பொத்தான் உள்ள இயந்திரத்தில் 5ஆம் இலக்கத்தின் மேல் சிறு மேடு இருக்கும். அதை வைத்து மற்ற இலக்கங்களைப் பிடித்துவிடலாம். வழுவழுப்பான கண்ணாடித் திரையில் எதைப் பிடிப்பது? இரகசிய இலக்கத்தைக் கடைக்காரரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டிவருகிறது. அந்த நிலைக்கு அவர்களை விடாதீர்கள். பொத்தான் இயந்திரம் இருக்கிறதா என்று நீங்களே கேளுங்கள்.

சாச்சிக்கு நான் செய்து கொடுத்தது ஓர் அட்டைத் துண்டு. தாளின் ஒரு முனையை அட்டையின் முனையோடு சேர்த்து வைத்து, மறுமுனை முடியும் இடத்தில் ஓரத்தில் ஒரு வெட்டு. 100, 500, 1000, 5000 என்று நான்கு வெட்டுகள். பழைய வரிசைத் தாள் வந்தால் இது ஒத்துவராது. அதை மட்டும் கேட்டறிகிறார். வீட்டுக்கு வந்ததும் ஐந்நூறை ஒரு மடிப்பாகவும் ஆயிரத்தை இரண்டு மடிப்பாகவும் மடித்து வைக்கிறார். போன கிழமை பாணும் சீனியும் வாங்கத் தனியாகப் போனார். மிச்சத்தில் இருபது ரூபாய் குறைந்ததைக் கண்டுபிடித்து, கடைக்காரரிடம் கேட்டு வாங்கி வந்தார்.