புது முழங்கால், பழைய வலி

கல்யாண வீடுகளில் இப்போதெல்லாம் ஒரு புது விசாரணை கிளம்பியிருக்கிறது. பெண்ணுக்கு எத்தனை பவுன், மாப்பிள்ளைக்கு என்ன சம்பளம் என்பதற்கெல்லாம் அடுத்தபடியாக, "முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்டாயிற்றா?" என்று கேட்கிறார்கள். செய்துகொண்டவர்கள் உற்சாகமாகப் பதில் சொல்கிறார்கள். ஒரு மாமி மாடிப்படியை விடுவிடுவென்று ஏறிக் காட்டுகிறார். இன்னொருவர் திருப்பதி போய் வந்த பெருமையைச் சொல்கிறார். கேட்க நமக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

ஆனால் அதே கூட்டத்தில், கைப்பிடி வைத்த நாற்காலியாகத் தேடிப் பிடித்து உட்கார்ந்து, சிரித்து மழுப்பிக்கொண்டிருக்கும் அம்மாள் ஒருவரும் இருப்பார். அவருக்கும் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. வருஷம் ஒன்றாகிவிட்டது. வலி போகவில்லை. வாய் விட்டுச் சொன்னால், "அடுத்த வீட்டுக்காரி ஓடுகிறாளே, உங்களுக்கு மட்டும் என்ன?" என்பார்களே என்று பேசாமல் இருக்கிறார்.

இப்படிப்பட்டவர்கள் அபூர்வம் என்று எண்ணிவிடாதீர்கள். கனடா தேசத்தின் ஒன்டாரியோ மாகாணத்தில், 1,700-க்கு மேற்பட்ட முழங்கால் ஆபரேஷன்களை எடுத்துக்கொண்டு, "உங்களுக்குத் திருப்திதானா?" என்று விசாரித்தார்கள். 2010-ல் வெளியான அந்தக் கணக்கின்படி, நூற்றுக்கு 19 பேருக்குத் திருப்தி இல்லை. ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்! மற்ற நால்வருக்கு இந்தச் சிகிச்சை பெரிய வரப்பிரசாதம். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த ஐந்தாவது மனிதர் என்ன செய்வது?

தந்தத்தில் ஒரு முழங்கால்

மூட்டை மாற்றும் ஆசை மனிதனுக்கு நேற்று வந்ததல்ல. 1890-ல் பெர்லின் நகரத்தில் தெமிஸ்டோக்ளிஸ் குளுக் என்ற டாக்டர், க்ஷயரோகம் அரித்துவிட்ட ஒரு முழங்காலில் தந்தத்தால் செய்த மூட்டைப் பொருத்தினார். முதலில் நன்றாகத்தான் இருந்தது. பிறகு இத்தகைய மூட்டுகளில் சீழ் பிடித்தது. அவரே தம் முயற்சியின் தோல்வியை ஒப்புக்கொண்டார். இன்று வழங்கும் மூட்டுகளுக்கு முன்னோடியான ஒன்றை, நியூயார்க்கில் டாக்டர் ஜான் இன்சாலும் அவருடைய சகாக்களும் உருவாக்கி, 1974-ல் உபயோகத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

"முழங்காலை மாற்றுவது" என்ற பேச்சே கொஞ்சம் ஏமாற்றுகிற பேச்சு. முழங்காலை யாரும் கழற்றி எறிவதில்லை. தேய்ந்துபோன எலும்பு நுனிகளைச் சீவிவிட்டு, மேலே ஓர் உலோகத் தொப்பி, கீழே ஓர் உலோகத் தட்டு, நடுவே உறுதியான பிளாஸ்டிக் என்று வைக்கிறார்கள். சொத்தைப் பல்லுக்குத் தொப்பி போடுகிறார்களே, அதுபோலத்தான். சுற்றியுள்ள தசையும் நாரும் நரம்பும் எல்லாம் பழையவையே. வலி அவற்றில் எதிலிருந்தும் வரலாம்.

காரணம் எங்கே ஒளிந்திருக்கிறது?

ஆபரேஷன் ஆன முழங்கால் பூரணமாகத் தேற ஒரு வருஷம் கூட ஆகலாம். சில மாதங்கள் வரை உஷ்ணமும் வீக்கமும் இருப்பது, தழும்பின் வெளிப்பக்கம் மரத்திருப்பது, நடக்கும்போது 'டக் டக்' என்று சப்தம் கேட்பது இவையெல்லாம் பெரும்பாலும் பயப்படத் தக்கவை அல்ல. ஆனால் மூன்று மாதம் கழித்தும் வலி தணியாமல் தூக்கத்தைக் கெடுத்தால், "போகப் போகச் சரியாகிவிடும்" என்று சும்மா இருப்பது நல்லதல்ல.

காரணங்கள் பல. நூற்றுக்கு ஒருவர், இருவருக்கு மூட்டில் கிருமி புகுந்துவிடுகிறது. சிலருக்கு நன்றாக இருந்த மூட்டு பிற்பாடு எலும்பிலிருந்து தளர்ந்து ஆடுகிறது. சிலருக்கு உள்ளே தழும்பு இறுகி, கால் மடங்க மறுக்கிறது. சிலருக்கு நார்கள் தொய்ந்து, கால் நழுவுவது போல் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், குற்றவாளி முழங்காலிலேயே இல்லாமல் இடுப்பு மூட்டிலோ முதுகெலும்பிலோ இருப்பதும் உண்டு!

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. முழங்கால் திடீரென்று சிவந்து வீங்கினாலும், தழும்பில் நீர் கசிந்தாலும், குளிர் காய்ச்சல் வந்தாலும் அன்றைக்கே ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போக வேண்டும். மருந்துக் கடையில் நாமாகக் கிருமிநாசினி மாத்திரை வாங்கி விழுங்கக் கூடாது. மூட்டிலிருந்து நீர் எடுத்துப் பரிசோதிக்கும் முன் அந்த மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டால், கிருமி இன்னதென்று கண்டுபிடிப்பதே கஷ்டமாகிவிடும்.

இன்னொரு ஆபரேஷனா?

வலி தாங்காதவர்களுக்கு முதலில் தோன்றுவது, "மறுபடியும் திறந்து பார்த்துவிட்டால் என்ன?" என்பதுதான். இங்கேதான் நிதானம் வேண்டும். கிருமி, தளர்ச்சி, தொய்வு என்று காரணம் நிச்சயமாகத் தெரிந்தால், இரண்டாவது ஆபரேஷன் பலன் தரக்கூடும். கிருமி பிடித்த மூட்டை எடுத்துவிட்டு, மருந்து கலந்த சிமெண்டைச் சில வாரங்கள் வைத்திருந்து, பிறகு புது மூட்டுப் பொருத்துவதும் உண்டு. மடங்காத காலை மயக்க மருந்து கொடுத்து மடக்கிவிடும் முறையும் இருக்கிறது. முதல் மூன்று மாதத்துக்குள் செய்தால் அதற்குப் பலன் அதிகம். ஆனால் காரணம் தெரியாத வலிக்காகச் செய்யும் மறு ஆபரேஷன் பெரும்பாலும் ஏமாற்றத்திலேயே முடிகிறது. ஆகவே டாக்டரிடம், "மறுபடி எப்போது செய்யலாம்?" என்று கேட்பதற்கு முன், "வலிக்குக் காரணம் என்ன?" என்று கேளுங்கள். பழைய எக்ஸ்ரே படங்கள், ஆபரேஷன் குறிப்பு, எந்த மூட்டுப் பொருத்தினார்கள் என்ற விவரச் சீட்டு இவற்றைப் பத்திரப்படுத்துங்கள். வேறொரு டாக்டரின் அபிப்பிராயம் கேட்பதில் தவறில்லை.

மூட்டு சரியாகவே இருந்து, வலி மட்டும் நிற்பதும் உண்டு. வருஷக் கணக்காக வலித்த நரம்புகள், சத்தம் கூட்டி வைத்த ரேடியோப் பெட்டி மாதிரி, சின்னச் செய்தியையும் பெரிதாக அலறும். அது கற்பனை வலி அல்ல, நிஜமான வலி. இதற்கென்று தனி மருந்துகள் உண்டு. பயிற்சி, தூக்கம், மனச் சோர்வு ஆகியவற்றையும் கூடவே கவனிக்க வேண்டும். சாதாரண வலி மாத்திரைகளையே மாதக் கணக்கில் தின்றால் வயிறும் சிறுநீரகமும் கெடலாம்.

காலுக்கேற்ற வீடு

சம தரையில் நடக்க, முழங்கால் எழுபது டிகிரி போல மடங்கினால் போதும். படியேற எண்பத்தைந்து, நாற்காலியில் உட்கார்ந்து எழத் தொண்ணூறுக்குச் சற்று அதிகம். சம்மணம் போடவும் குந்தி உட்காரவும் இதைவிட எவ்வளவோ அதிகம் வேண்டும். தொண்ணூறு டிகிரியோடு நின்றுவிட்ட காலைத் திட்டிப் பயன் இல்லை. வீட்டைத்தான் மாற்ற வேண்டும். உயரமான நாற்காலிக்குக் கைப்பிடி, கட்டிலுக்கு அடியில் கட்டை, கழிப்பறையில் உயர்ந்த இருக்கையும் சுவரில் பிடிமானமும், அடுப்பருகே ஒரு ஸ்டூல், பூஜைக்கு ஒரு மேஜை. அரிவாள்மணைக்கு ஓய்வு கொடுத்துவிடலாம்! கைத்தடியை வலிக்கிற காலின் பக்கம் பிடிக்கக் கூடாது. எதிர்ப் பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முன்னே. இறங்கும்போது நோயுற்ற கால் முன்னே. வலி குறைந்த நாளில் வீட்டு வேலை முழுவதையும் செய்து தீர்த்து, மறுநாள் படுத்துவிடுவதை விட, தினமும் அளவாகச் செய்வது மேல்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

2017 ஆகஸ்டில் மத்திய சர்க்கார் இந்த மூட்டுகளின் விலைக்கு உச்ச வரம்பு விதித்தது. ஆனாலும் ஆபரேஷன் என்றால் நடுத்தரக் குடும்பத்துக்குப் பெரும் செலவுதான். "பிள்ளை இவ்வளவு செலவழித்தானே, இன்னும் வலிக்கிறது என்று எந்த முகத்தோடு சொல்வது?" என்றே பல தாய்மார்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். பற்றாக்குறைக்கு, "நீ பயிற்சியை ஒழுங்காகச் செய்யவில்லை" என்ற பழியும் சேர்ந்துவிடுகிறது. ஒழுங்காகச் செய்தவர்களுக்கும் வலி நின்றுவிடுவதில்லை என்பதை நாம் உணர வேண்டும்.

பிரிட்டனில் நடத்திய ஒரு பரிசோதனையின் முடிவை 2022-ல் வெளியிட்டார்கள். ஆபரேஷனாகி மூன்று மாதமாகியும் வலி தீராதவர்களில் ஒரு சாராரை வரவழைத்து நன்றாகப் பரிசோதித்தார்கள்; தக்க சிகிச்சைக்கு அனுப்பினார்கள்; பிறகும் டெலிபோனில் கூப்பிட்டு விசாரித்து வந்தார்கள். வருஷ முடிவில், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களை விட இவர்களுக்கு வலி ஓரளவு குறைந்திருந்தது. மாயமருந்து எதுவும் இல்லை. வலி இருக்கிறது என்பதை நம்பினார்கள், காரணத்தைத் தேடினார்கள், விசாரிப்பதை நிறுத்தவில்லை. அவ்வளவுதான்.

டாக்டர் செய்ய வேண்டியதை டாக்டர் செய்வார். ஆனால் நம் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், "இன்றைக்குக் கால் எப்படி இருக்கிறது?" என்று ஒரு வார்த்தை கேட்க நாம் டாக்டருக்குப் படித்திருக்க வேண்டியதில்லை. கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்லி முடிக்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும்.