யார் சொல்லி வருகிறீர்கள்?

தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் பட்டறைக்கு முன்பின் தெரியாத வியாபாரி ஒருவர் வந்து கடனுக்குச் சரக்கு கேட்டால், "யார் சொல்லி வர்றீங்க?" என்றுதான் முதலில் கேட்பார்கள். ராஜபாளையத்தில் தெரிந்த கடைக்காரர் பெயரைச் சொன்னால் பேச்சு மேலே நகரும். மைய சர்வர் இல்லாமல் கணினிகள் தமக்குள் நேரடியாகப் பேசிக்கொள்ளும் 'பியர்-டு-பியர்' வலைகளுக்கும் இந்தக் கேள்விதான் உயிர்நாடி.

எடின்பரோ பல்கலைக்கழக மாணவராக இருந்த இயன் கிளார்க் 1999-ல் எழுதிய ஆய்வறிக்கையிலிருந்து பிறந்தது ஃப்ரீநெட். யார் வெளியிட்டார், யார் படிக்கிறார் என்று தெரியாமல் தகவலைப் பகிர்வதற்கான பியர்-டு-பியர் வலை அது. நீங்கள் ஒரு கோப்பைக் கேட்டால், கோரிக்கை அண்டைக் கணினிக்குப் போகும். அது தன் அண்டைக் கணினிக்கு அனுப்பும். கேட்டது நீங்கள்தானா, பிறர் கேட்டதைக் கைமாற்றிவிட்டீர்களா என்று அண்டைக் கணினியால் உறுதியாகச் சொல்ல முடியாது.

ஆனால் எண்ணிப் பார்க்க முடியும். பெரிய கோப்பு பல துண்டுகளாகச் சிதறிக் கிடக்கும். உங்களுக்குப் பத்து அண்டைக் கணினிகள் இருந்தால், உங்கள் கோரிக்கைகளில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஒவ்வொன்றுக்கும் போகும். வெறுமனே கைமாற்றுபவரிடமிருந்து அவ்வளவு வராது. இந்தக் கணக்கை வைத்து அமெரிக்கக் காவல்துறை சிறார் ஆபாசக் குற்றவாளிகளைப் பிடித்திருக்கிறது. அதில் எனக்கு வருத்தம் துளியும் இல்லை. ஆனால் அதே கணக்கை ஓர் அடக்குமுறை அரசு பத்திரிகையாளர் மீதும் போடலாம்.

யாரோடும் இணையும் திறந்த முறையில், வேவு பார்ப்பவர் அண்டை வீட்டுக்காரராவது மிக எளிது. மென்பொருளை நிறுவினால் போதும், வலையே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அதனால்தான் ஃப்ரீநெட்டின் 0.7 பதிப்பு, தெரிந்தவர்களோடு மட்டும் இணையும் முறையோடு சோதனைக்கு வந்தது. நடந்தது வேறு. நண்பர்கள் யாரும் அந்த வலையில் இல்லாததால், மக்கள் அரட்டை அறைகளில் அந்நியர்களோடு முகவரி மாற்றிக்கொண்டார்கள். பெயருக்கு நண்பர்கள், உண்மையில் யாரோ. கடைசியில் 2008-ல் வெளியான நிலையான பதிப்பில் இரண்டு முறைகளும் இடம்பெற்றன.

நம்பிக்கையை மென்பொருளால் உண்டாக்க முடியாது. ஏற்கெனவே இருக்கிற உறவின் மேல்தான் வலை பின்ன முடியும் என்பது என் கருத்து. பிரையர் என்ற செயலி அப்படித்தான் இயங்குகிறது. இருவரும் நேரில் சந்தித்து, ஒருவர் திரையிலுள்ள க்யூஆர் குறியீட்டை மற்றவர் ஸ்கேன் செய்து இணையலாம். தெரிந்தவர் இருவரை ஒருவருக்கொருவர் அறிமுகமும் செய்துவைக்கலாம். இணையம் இருந்தால் ஆளை மறைக்கும் டோர் வலை வழியாகவும், இல்லாவிட்டால் ப்ளூடூத், வைஃபை வழியாகவும் செய்தி போகும்.

ஜம்மு-காஷ்மீரில் தீவிரவாதிகள் பயன்படுத்துவதாகக் கூறி, 2023 மே மாதம் 14 செயலிகளை இந்திய அரசு முடக்கியது. பிரையரும் அவற்றில் ஒன்று. தடையை எதிர்த்து கேரளத்தின் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். தடை ஒருபுறம் இருக்க, பிரையரை நிறுவ செயலிக் கடை கட்டாயமில்லை. ஏற்கெனவே வைத்திருப்பவர் தன் போனிலிருந்தே பக்கத்திலிருப்பவருக்கு ஏற்றித் தரலாம்.